பாப் ஸ்மியர் டெஸ்ட்: போறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்? உள்ளே என்ன நடக்கும்?

‘எனக்குத்தான் ஒரு பிரச்னையும் இல்லையே, எதுக்கு டெஸ்ட்?’ பாப் ஸ்மியர் எடுக்கச் சொன்னதும் பெரும்பாலான பெண்கள் கேட்பது இதைத்தான். ஆனால் எந்தத் தொந்தரவும் இல்லாதபோது செய்துகொள்வதற்காகவே உள்ள பரிசோதனை இது.

கர்ப்பப்பை வாய் புற்றுநோய் திடீரென வருவதில்லை. ஹெச்.பி.வி என்ற வைரஸ் தொற்றி, உடலை விட்டுப் போகாமல் தங்கிவிட்டால், கர்ப்பப்பை வாயில் உள்ள செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். அது புற்றுநோயாக ஆவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கும். அந்த இடைவெளியில் வலி இருக்காது, ரத்தப்போக்கும் இருக்காது. அப்போது கண்டுபிடித்துவிட்டால் சின்ன சிகிச்சையிலேயே தடுத்துவிடலாம். அப்படியும் 2022-ல் இந்தியாவில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் புதிதாக வந்ததாகவும், ஏறக்குறைய 80 ஆயிரம் பேர் உயிரிழந்ததாகவும் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டுள்ளது.

பரிசோதனை செய்தால் உயிர் பிழைக்கலாம் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையிலான கிராமத்துப் பெண்களிடம் நடந்த ஆய்வு 2007-ல் லான்செட் இதழில் வெளியானது. பயிற்சி பெற்ற நர்ஸ்கள் ஒரே ஒரு முறை பரிசோதித்ததிலேயே அந்தப் பெண்களிடையே இந்தப் புற்றுநோயால் ஏற்படும் மரணம் 35 சதவிகிதம் குறைந்திருந்தது. அங்கே செய்தது பாப் ஸ்மியர் அல்ல, வி.ஐ.ஏ என்ற இன்னும் எளிய முறை. கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். வினிகரில் இருப்பதும் இந்த அமிலம்தான். ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு இலவசமாகச் செய்யப்படுவது இதுதான்.

எந்த நாளில் போகலாம்?

மாதவிடாய் நாட்களில் பாப் ஸ்மியர் வேண்டாம். ரத்தம் கலந்தால் செல்களைச் சரியாகப் பார்க்க முடியாது. பீரியட்ஸ் தொடங்கிய நாளிலிருந்து கணக்கிட்டு 10-வது நாளுக்கும் 20-வது நாளுக்கும் நடுவில் போவது நல்லது. அதற்கு முந்தைய இரண்டு நாட்கள் தாம்பத்திய உறவு, பிறப்புறுப்பில் வைக்கும் மாத்திரை, கிரீம், உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவுவது எல்லாவற்றையும் தவிர்க்க வேண்டும். ‘டாக்டர் பார்க்கப் போறாங்க, சுத்தமா இருக்கணும்’ என்று பலர் அன்று காலையில் உள்ளே நன்றாகக் கழுவிவிட்டுப் போவார்கள். பார்க்க வேண்டிய செல்களே அதில் போய்விடும். வழக்கமான குளியல் போதும். முடியை அகற்ற வேண்டிய அவசியமும் இல்லை.

வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை. ரத்தப் பரிசோதனையோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டு பட்டினி கிடப்பவர்களும் உண்டு. சாப்பிட்டுவிட்டே போகலாம். உள்ளே போவதற்கு முன் சிறுநீர் கழித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதுவரை உறவு கொண்டதே இல்லை என்றாலும் தயங்காமல் சொல்லலாம். அப்படிப்பட்டவர்களுக்கு ஆபத்து மிகக் குறைவு என்பதால், டெஸ்ட் தேவையா என்பதை டாக்டர் முடிவு செய்வார். கர்ப்பப்பையை எடுத்தவர்கள் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டுபோவது நல்லது. சிலருக்குக் கர்ப்பப்பை வாயை மட்டும் விட்டுவைத்திருப்பார்கள். அவர்களுக்கு டெஸ்ட் தேவைப்படும்.

அந்த இரண்டு, மூன்று நிமிடங்கள்

முழங்காலை மடக்கி, கால்களை அகட்டிப் படுக்கச் சொல்வார்கள். பலருக்கும் கூச்சமே இங்கேதான். பெண் மருத்துவர் வேண்டும், கூட ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. ஸ்பெகுலம் என்ற கருவியை உள்ளே வைத்து விரிப்பார்கள். சின்ன பிரஷ் அல்லது மரக்குச்சியால் கர்ப்பப்பை வாயை மெதுவாகச் சுரண்டி செல்களை எடுப்பார்கள். ஊசி இல்லை, மயக்க மருந்தும் இல்லை. ஓர் அழுத்தம், லேசாக இழுத்துப் பிடிப்பது போன்ற உணர்வு இருக்கும். உடம்பை இறுக்கினால்தான் வலி அதிகமாகும். வாயைத் திறந்து மெதுவாக மூச்சு விட்டால் தசை தளரும். மெனோபாஸ் ஆனவர்களுக்கு வறட்சியால் கொஞ்சம் கூடுதலாக வலிக்கலாம், சின்ன ஸ்பெகுலம் இருக்கிறதா என்று கேட்கலாம். தாங்க முடியவில்லை என்றால் ‘நிறுத்துங்க’ என்று சொன்னால் நிறுத்த வேண்டியது அவர்கள் கடமை.

முடிந்ததும் வேலைக்கே போகலாம். ஒரு நாள் லேசாக ரத்தக்கசிவு இருக்கலாம். அதிகமாகப் போனால், காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயம் வேண்டாம்

ரிப்போர்ட்டில் ‘என்.ஐ.எல்.எம்’ என்றிருந்தால் சந்தேகப்படும் மாற்றம் எதுவும் இல்லை என்று அர்த்தம். ‘இன்ஃபிளமேட்டரி ஸ்மியர்’ என்று இங்கே பலருக்கும் வரும். அது புற்றுநோய் அல்ல, அழற்சி. காரணம் தொற்றாக இருந்தால் மருந்து தருவார்கள். ‘அன்சாட்டிஸ்ஃபேக்டரி’ என்றால் மாதிரி போதவில்லை, மறுபடியும் எடுக்க வேண்டும். ‘ஆஸ்கஸ்’, ‘எல்.எஸ்.ஐ.எல்’, ‘ஹெச்.எஸ்.ஐ.எல்’ என்பவை செல்களில் தெரிந்த மாற்றத்தின் அளவைச் சொல்பவை. இவையும் புற்றுநோய் உறுதி என்று சொல்வதில்லை. அடுத்து ஹெச்.பி.வி டெஸ்ட்டோ, கால்போஸ்கோபியோ, தேவைப்பட்டால் பயாப்சியோ செய்வார்கள். இதில் ஹெச்.எஸ்.ஐ.எல் என்று வந்தால் மட்டும் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடவே கூடாது.

ஹெச்.பி.வி பாசிட்டிவ் என்று வந்தால் சில வீடுகளில் சண்டையே வந்துவிடுகிறது. உறவு மூலம் பரவும் வைரஸ் என்பது உண்மை. ஆனால் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் உடலில் தங்கியிருக்கும் என்பதால் எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று டெஸ்ட் சொல்லாது. வாழ்நாளில் ஒருமுறையாவது பெரும்பாலானவர்களுக்கு வந்து, தானாகவே போய்விடும் தொற்று அது.

உறவுக்குப் பிறகு ரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு மீண்டும் ரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தால், தேதி பார்த்து டெஸ்ட்டுக்குக் காத்திருக்காமல் நேராக மகளிர் நல மருத்துவரைப் பார்க்க வேண்டும். போன முறை ரிப்போர்ட் நார்மல் என்றிருந்தாலும் இது பொருந்தும். தடுப்பூசி போட்டவர்களும் பரிசோதனையைத் தொடர வேண்டும். புற்றுநோயை உண்டாக்கும் எல்லா ஹெச்.பி.வி வகைகளையும் தடுப்பூசி தடுப்பதில்லை.