ஒருமை கண்ட திருச்சபை

நுழையும்முன்

ஒரே இறைவனை வணங்குவோரும் வழிபாட்டாலும் ஆட்சிமுறையாலும் பிரிந்து நிற்பதுண்டு. அவ்வாறு பிரிந்து நின்றோர் எவற்றை உறுதியாகப் பற்றினர், எவற்றை அவரவர் மனச்சான்றுக்கு விட்டனர் என்பதைத் தென்னிந்தியத் திருச்சபையின் வரலாற்றின்வழி விளக்குகிறது இக்கட்டுரை.

மலையில் கூடியோர்

பழனி மலைத்தொடரில் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது கொடைக்கானல். சமவெளியின் வெப்பத்தாலும் காய்ச்சலாலும் துன்புற்ற அமெரிக்க மதுரை மிஷன் பணியாளர்கள் 1845இல் இங்கு வீடுகளை அமைத்தனர். பின்னர்ப் பிற சபையினரும் கோடைதோறும் மலையேறினர். சமவெளியில் தனித்தனியே பணியாற்றியவர்கள் இங்கே அண்டை வீட்டாராயினர். 1890இல் கொடைக்கானல் மிஷனெரி ஒன்றியம் தோன்றிற்று. ஆயினும் கூடிப் பழகுவது வேறு. ஒரே சபையாக வாழ்வது வேறு.

தரங்கம்பாடி அழைப்பு

ஆங்கிலிக்கன் சபையைப் பேராயர்கள் வழிநடத்தினர். பிரெஸ்பிட்டேரியன் சபையை மூப்பர் மன்றங்கள் ஆண்டன. காங்கிரிகேஷனல் மரபில் ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே ஆண்டது. பின்னிரண்டும் 1908இல் இணைந்து தென்னிந்திய ஐக்கிய சபையாயின. 1919இல் வே. ச. அசரியா முதலானோர் தரங்கம்பாடியில் கூடினர். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆவார். இப்பிரிவினைகள் மேலைநாட்டிலிருந்து வந்தவை. அவற்றைத் தாங்கள் உண்டாக்கவில்லை என அங்குக் கூடியோர் அறிவித்தனர்.

நான்கு அடிப்படைகள்

இணைப்புக்கு நான்கு அடிப்படைகள் வகுக்கப்பட்டன. மீட்புக்குத் தேவையான அனைத்தும் திருமறையில் உள்ளன என்பது முதலாவது. தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவொரு கடவுளையும், இயேசுவின் பிறப்பு, இறப்பு, உயிர்த்தெழுதல் ஆகியவற்றையும் அறிக்கையிடும் அப்போஸ்தலர், நிசேயா நம்பிக்கை அறிக்கைகளை ஏற்பது இரண்டாவது. கிறித்து ஏற்படுத்திய திருமுழுக்கு, திருவிருந்து ஆகிய இரண்டு அருளடையாளங்களைப் போற்றுவது மூன்றாவது. தொன்றுதொட்டு வரும் பேராயர் பணியை ஏற்பது நான்காவது.

அவிழ்ந்த முடிச்சு

நான்காம் அடிப்படையே பேச்சுகளை 28 ஆண்டுகள் நீட்டித்தது. பேராயரால் அருட்பொழிவு பெறாத ஆயர்கள் மீண்டும் அருட்பொழிவு பெற வேண்டுமா? பெற வேண்டும் என்றால், அவர்கள் அதுவரை ஆற்றிய பணி செல்லாது என்று பொருள்படும். வேண்டாம் என்றால், ஆங்கிலிக்கன் மரபினரின் மனம் புண்படும். இறுதியில், அனைவரும் உள்ளபடியே ஏற்கப்பட்டனர். இணைப்புக்குப் பின் வரும் ஆயர்களுக்குப் பேராயரே அருட்பொழிவு செய்வார் என்று முடிவாயிற்று. எந்தச் சபையின் மீதும் அதன் மனச்சான்று ஏற்காத வழிபாட்டையோ ஆயரையோ திணிப்பதில்லை என்றும் உறுதியளிக்கப்பட்டது.

நாடு விடுதலை பெற்று ஆறு வாரங்கள் கடந்த நிலையில், 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபையினர் ஒன்றாயினர். அசரியா அதைக் காணவில்லை, 1945இலேயே மறைந்துவிட்டார். அனைவரும் இணைந்துவிடவும் இல்லை; நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன் மக்களுள் ஒரு சாரார் விலகி நின்றனர்.

கொடைக்கானல் உள்ளிட்ட மதுரை – இராமநாதபுரம் திருமண்டிலத்தின் பேராயராக லெஸ்லி நியூபிகின் பொறுப்பேற்றார். அவர் பேராயர் பதவியே இல்லாத பிரெஸ்பிட்டேரியன் மரபினர். அவரை ஏற்ற மதுரைச் சபைகளோ பேராயர் ஆட்சியை அறியாத அமெரிக்க மிஷன் வழிவந்தவை. இரு தரப்பும் தமக்குப் புதியதொன்றை ஏற்றன.

கைமாறும் அமைதி

1950இல் உருவான திருவிருந்து வழிபாட்டில், ஒருவர் தம் உள்ளங்கைகளுக்குள் அடுத்தவரின் கையைப் பொதிந்து அமைதியை வழங்குவார்; பெற்றவர் அதை அடுத்தவருக்கு அளிப்பார். அந்தக் கை முன்பு எந்தச் சபையைச் சார்ந்தது என்று எவரும் வினவுவதில்லை. இன்றியமையாதவற்றில் உறுதி, ஏனையவற்றில் விட்டுக்கொடுத்தல் என்பதே இத்திருச்சபை கண்ட ஒருமையாகும்.