தாத்தா கை பட்ட குமிழ்!

செட்டிநாட்டு வீடுகளின் அழகு வாசலிலேயே தெரியும். கதவு பர்மா தேக்கு. அதில் பித்தளைக் குமிழ், இரும்புக் கீல், தாழ்ப்பாள், நாதாங்கி!

வீட்டை இடித்தால் இவை எங்கே போகும்? காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. அங்கே விற்பனைக்கு வரும். பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்கள் தேடி வாங்குவார்கள்.

ஆனால், கையால் செய்த சாமான்களின் அளவு ஒன்றுபோல் இராது. ஒரு வீட்டுக் கீல் இன்னொரு வீட்டுக் கதவில் எளிதில் பொருந்தாது. ஆகவே, இருப்பதைக் காப்பதே நல்லது.

கிறீச்சிடும் கீலுக்குச் சிறிது எண்ணெய் விடுங்கள். கறுத்த பித்தளையைப் புளியால் தேயுங்கள். ஆடும் குமிழின் திருகாணியை இறுக்குங்கள்.

எடைக்குப் போட்டால் சில ரூபாய் கிடைக்கும். தாத்தா கை பட்ட குமிழ் திரும்பக் கிடைக்குமா?