நாள் தள்ளிப்போனதும் நர்சம்மாவிடம் சொல்லுங்கள்

“மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளிய சொல்லிக்கலாம்.” செஞ்சி வட்டாரத்தில் முழுகாமல் இருக்கும் மருமகளுக்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் இதுதான். கண்ணேறு படக் கூடாது, கரு நல்லபடியாகத் தங்க வேண்டும் என்ற கவலை. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கருச்சிதைவுகளில் பெரும்பாலானவை முதல் மூன்று மாதங்களில்தான் நேர்கின்றன. நம் பாட்டிமார் அதை அனுபவத்தில் அறிந்தவர்கள்.

ஆனால் தமிழக அரசின் மகப்பேறு உதவிக்கு முதல் நிபந்தனையே 12 வாரத்துக்குள் பதிவு செய்வதுதான். வீடு வாய் திறக்காதே என்கிற அதே மூன்று மாதத்தில் அரசு வந்து சொல் என்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, நான்காம் மாதம் தாய் சேய் அட்டை போட வரும் பெண்கள் முதல் தவணையை மட்டும் இழப்பதில்லை. அந்த மூன்று மாதத்தில் கண்டுபிடித்திருக்க வேண்டிய ரத்தசோகையும் ரத்த அழுத்தமும் அவர்களோடு சேர்ந்து நான்காம் மாதத்துக்கு வந்துவிடுகின்றன.

ஊருக்குச் சொல்ல வேண்டாம். சொந்தக்காரர்களுக்கும் சொல்ல வேண்டாம். துணை சுகாதார நிலையத்து நர்சம்மா ஒருவருக்குச் சொன்னால் போதும். கிராம சுகாதார செவிலியர் என்பது பதவியின் பெயர். அனந்தபுரமோ வல்லமோ நல்லாண்பிள்ளைபெற்றாளோ, எந்த ஊரிலும் அவர் நர்சம்மாதான். விஷயம் அவரிடமிருந்து வெளியே போகாது.

அவர் முன்னால் உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி, “கடைசியா எப்பம்மா குளிச்ச?” தேதி சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. “தெரியலக்கா… மயானக் கொள்ளைக்கு எல்லாரும் மலையனூர் போனாங்க. நான் தூரமா இருந்தேன்னு வீட்லயே விட்டுட்டாங்க” என்று பதில் வரும். நர்சம்மா சுவரில் தொங்கும் காலண்டரைப் பின்னால் புரட்டி மாசி அமாவாசையைப் பிடிப்பார். அதற்கு முன்னால் இரண்டு நாளா, அதே நாளா என்று கேட்டு ஒரு தேதியைக் குறிப்பார். அதோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் பிரசவத் தேதி. மேல்மலையனூர் அங்காளம்மன் இந்தப் பக்கத்துப் பெண்களின் கணக்குக்கு எத்தனை முறை துணை நின்றிருக்கிறாளோ!

அந்தத் தேதி பிக்மி என்னும் அரசு இணையப் பதிவில் ஏறும். பெண்ணுக்கு 12 இலக்க ஆர்.சி.எச். எண் கிடைக்கும். 2017 முதல் தமிழகத்தில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கே இந்த எண் வேண்டும். தனியார் மருத்துவமனையில் பிரசவம் பார்த்துக்கொள்ளப் போகிறவர்களும் இதைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. துணை சுகாதார நிலையத்துக்குப் போக முடியாவிட்டால் 102-ஐ அழைத்தும் பதியலாம்.

பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 1987-ல் 300 ரூபாயோடு தொடங்கியது. புதுக்கோட்டையில் பிறந்து மருத்துவரான முத்துலட்சுமி, 1927-ல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் பெண். தாய்மார்களுக்கான திட்டத்துக்கு அவர் பெயரைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. உதவித்தொகை 2006-ல் 6,000 ஆகி, 2011-ல் 12,000 ஆகி, 2018-ல் 18,000 ரூபாயாக நின்றது. இதில் ரொக்கம் 14,000. மீதி 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். உள்ளே ஊட்டச்சத்து மாவு, இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், ஆவின் நெய், குடற்புழு மாத்திரை எல்லாம் இருக்கும். மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டப் பணமும் இதற்குள்ளேயே அடக்கம்.

முன்பு ஐந்து தவணையாக வந்த ரொக்கம் 2024 முதல் மூன்று தவணை. கர்ப்பத்தின் நான்காம் மாதம் 6,000, குழந்தைக்கு நான்கு மாதம் ஆனதும் 6,000, ஒன்பதாம் மாதம் 2,000. தவணையைக் குறைத்தது நல்ல மாற்றம். ஆனால் வங்கிக் கணக்கில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், கல்யாணத்துக்குப் பிறகு மாறிய இனிஷியல் என்று ஏதாவது ஒரு சிக்கலில் பணம் தேங்கிவிடுகிறது. பிள்ளை தவழ ஆரம்பித்த பிறகு வரும் பணத்தில் கர்ப்பிணி எப்படி முட்டையும் கீரையும் வாங்கிச் சாப்பிட முடியும்? அட்டை போடும் அன்றைக்கே வங்கிப் புத்தகத்தையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுவிடுங்கள். இதைச் செய்ய வேண்டியது கணவனின் வேலை. வாந்தியும் மயக்கமுமாக இருப்பவளை வங்கி வரிசையில் நிற்கவைக்கக் கூடாது.

பணத்தைவிடப் பெரிது செவ்வாய்க்கிழமை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கான நாள் வழக்கமாக அதுதான். எடை, ரத்த அழுத்தம், ரத்தம், சிறுநீர் பார்ப்பார்கள். குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்ப்பார்கள். கர்ப்பிணி எல்லோருக்கும் இந்தச் சோதனை வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடியவர் சென்னையின் நீரிழிவு மருத்துவர் வி. சேஷையா. காத்திருக்கப் பொறுமையில்லாமல் பாதியில் எழுந்து பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அந்த இரண்டு மணி நேரத்தைக் கொடுங்கள்.

தமிழகத்துக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை என்றது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இதே மாநிலத்தில்தான் நூற்றுக்கு 99-க்கு மேல் பிரசவம் மருத்துவமனையில் நடக்கிறது. உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 54 தாய்மார் என்று 2018-20-ல் இறப்பு விகிதம் இருந்தது. இந்திய அளவில் அப்போது 97. பிரசவ வார்டு வரை பெண்ணைக் கொண்டுவந்து சேர்ப்பதில் நாம் வென்றுவிட்டோம். ரத்தம் குறைந்த உடம்போடு அவள் அங்கே வருவதைத் தடுப்பதில் இன்னும் வெல்லவில்லை. இரும்புச்சத்து மாத்திரை குமட்டுகிறது, மலம் கறுக்கிறது என்று நிறுத்திவிடுகிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ராத்திரியில் போட்டால் குமட்டல் குறையும். டீ, காபியோடு போட்டால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. மாத்திரையால் ஏறாத ரத்தத்துக்கு நரம்பு வழியே இரும்புச்சத்து ஏற்றும் வசதி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே உண்டு.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீடு போவாள். தொடர்பு அறுந்துபோகும் இடம் இது. அவலூர்பேட்டைப் பக்கம் பதிவானவள் திண்டிவனம் பக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனதும், இந்த நர்சம்மாவின் கண்ணிலிருந்து மறைகிறாள். அந்த ஊர் நர்சம்மாவுக்கு இவளைத் தெரியாது. மிகக் கவனமாகப் பார்க்க வேண்டிய கடைசி மாதங்களில் யார் பார்வையிலும் இல்லாமல் இருக்கிறாள். வளையல், மஞ்சள், சீர்வரிசையோடு தாய் சேய் அட்டையையும் பையில் வையுங்கள். போய்ச் சேர்ந்த வாரமே அந்த ஊர் துணை சுகாதார நிலையத்தில் அட்டையைக் காட்டுங்கள். ஆர்.சி.எச். எண் ஒன்றுதான், எந்த ஊரிலும் செல்லும். கிளம்பும்போது இங்கே உள்ள நர்சம்மாவிடமும் சொல்லிவிட்டுப் போனால் அவரே அங்கே பேசிவிடுவார்.

இந்த மகப்பேறு உதவித் திட்டம் யாரை வெளியே நிறுத்துகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தாய்க்கு 19 வயது ஆகியிருக்க வேண்டும். முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டுமே பணம். நிபந்தனையின் நோக்கம் புரிகிறது. ஆனால் 17 வயதில் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்ணுக்கும், மூன்றாவது பிள்ளையைச் சுமக்கும் கரும்பு வெட்டுத் தொழிலாளிக்கும்தான் உடம்பில் ரத்தம் மிகக் குறைவு. போலீஸ் வழக்கு வருமென்று பயந்து சின்னப் பெண்ணை மறைத்துவைக்கும் குடும்பங்கள், அவள் உயிரைப் பணயம் வைக்கின்றன. பணம் கிடைக்காமல் போகலாம். பரிசோதனையும் பிரசவமும் சிகிச்சையும் யாருக்கும் மறுக்கப்படாது. அரசு மருத்துவமனையில் மருந்து, ரத்தம், சாப்பாடு, சிசேரியன் எல்லாமே இலவசம் என்பது 2011 முதல் நாடு முழுவதற்குமான ஏற்பாடு. ஊட்டச்சத்துப் பெட்டகத்தையாவது வயதும் வரிசையும் பாராமல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

வலி கண்டால் 108. இந்த வண்டிகள் 2008 முதல் தமிழகத்தில் ஓடுகின்றன. செஞ்சி அரசு மருத்துவமனையில் சமாளிக்க முடியாத நிலை என்றால் முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ திருவண்ணாமலைக்கோ அனுப்புவார்கள். எப்படியும் முக்கால் மணி நேரப் பயணம். ரத்தப்போக்கு நிற்காத தாய்க்கு அது நீண்ட நேரம். அதனால், முதல் பிரசவம் சிசேரியன், ரத்த அழுத்தம், இரட்டைக் குழந்தை என்று சிக்கல் தெரிந்தவர்கள், நாள் நெருங்கும்போதே பெரிய மருத்துவமனையில் போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது. கோட்டை 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு செஞ்சிக்கு வெளியூர்க் கவனம் கூடியிருக்கிறது. சாலைக்கும் விடுதிக்கும் வரும் பணத்தில் ஒரு பங்கு, இரவிலும் அறுவை சிகிச்சையும் மயக்க மருத்துவரும் ரத்தமும் தயாராக இருக்கும் பிரசவ வார்டுக்கும் வர வேண்டும்.

பிறந்த குழந்தையோடு வீடு திரும்ப 102 வண்டி வரும். 2015-ல் தொடங்கிய குழந்தைப் பெட்டகத்தில் கொசுவலை, சோப்பு, கிலுகிலுப்பையோடு தாய்க்கு சௌபாக்ய சுண்டி லேகியமும் வைத்தார்கள். வீட்டு மருத்துவத்துக்கு இடம் கொடுத்த அந்த யோசனை எனக்குப் பிடிக்கும். ஆனால் பத்தியம் என்ற பெயரில் தண்ணீரையும் பழத்தையும் நிறுத்துவது வேறு. பால் கொடுப்பவளுக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். பிறந்ததும் சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைக்காதீர்கள். சீம்பாலே முதல் உணவு.

42 நாளுக்குள் நர்சம்மா பல முறை வீடு தேடி வருவார். தொப்புள் காய்ந்ததா, தாய்க்குக் காய்ச்சல் உண்டா என்று பார்ப்பார். காரணமில்லாத அழுகை, குழந்தையைத் தொடவே பிடிக்காமல் போவது, தூக்கமே வராதது இருந்தால் அவரிடம் சொல்லுங்கள். “பிள்ள பெத்தவ அப்பிடித்தான் இருப்பா” என்று ஒதுக்க வேண்டாம். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

செய்யாறு சிப்காட் பக்கம் காலணித் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனி வண்டி ஏறும் பெண்களுக்கு இன்னொரு செய்தி. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார சம்பளத்துடன் விடுப்பு என்பது 2017 முதல் சட்டம். இ.எஸ்.ஐ. பிடிக்கும் இடமாக இருந்தால், போதிய நாள் சந்தா கட்டியிருந்தால் அந்தச் சம்பளத்தை இ.எஸ்.ஐ. தரும். வயிறு தெரிந்ததும் வேலையை விட்டு நின்றுவிட்டு இந்தப் பணத்தைத் தொலைத்தவர்கள் அதிகம். எழுதிக்கொடுக்காமல் நிற்காதீர்கள், விண்ணப்பத்தின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் மாதத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடும்போது கடைசித் தவணை 2,000 வர வேண்டும். புதன்கிழமை ஊசி நாள். அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துப்போய், முந்தைய இரண்டு தவணையும் ஏறியிருக்கிறதா என்று நர்சம்மாவிடம் கேளுங்கள். ஏறவில்லையென்றால் அவரே ஆரம்ப சுகாதார நிலையத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்வார். வெயிலுக்கு முன்னால், காலை ஒன்பது மணிக்கே போய்விடுங்கள்.