மிதக்காத மிதவை

பெட்ரோல் பங்க்கில் கார்களுக்கு ஃபுல் டேங்க் போடும்போது ஒரு சத்தம் கேட்கும். ஊழியர் குழாயை வண்டிக்குள் செருகி, விசையை அமுக்கி மாட்டிவிட்டு, பக்கத்து வண்டிக்காரரிடம் பணம் வாங்கப் போய்விடுவார். பெட்ரோல் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று ‘டக்’. ஓட்டம் நின்றுவிடும். தரையில் ஒரு சொட்டு சிந்தியிருக்காது.

போன மாதம் என் அண்ணன் மகள் காரில் என்னோடு வந்திருந்தாள். ஆறாம் வகுப்பு. ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தவள் கேட்டாள்: “சித்தப்பா, டேங்க் எங்கயோ அடியில இருக்கு. குழாய் மேல வாய்கிட்டயே நிக்குது. அடியில நிறைஞ்சது மேல இருக்கிற குழாய்க்கு எப்படித் தெரியுது?”

“உள்ளே மிதவை இருக்கு” என்றேன். பெரியவர்கள் இப்படித்தான். ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் விளக்கம் சொன்னதாக நினைத்துக்கொள்வோம்.

அவள் விடுவதாக இல்லை. “மொட்டை மாடித் தொட்டியில இருக்கே, அது மாதிரியா? அது தண்ணி வர்ற பைப்பை மூடிடும். இதுவும் பெட்ரோல் வர்ற பைப்பை மூடுமா?”

மூடாது. காரில் இருக்கும் மிதவை பெட்ரோல் வரும் வழிப் பக்கமே போகாது. அது மூடுவது வேறொரு வழியை.

முதலில் மொட்டை மாடிக்குப் போய் வருவோம். தொட்டியில் ஒரு பந்து, அதைக் குழாயோடு இணைக்கும் ஒரு கம்பி. தண்ணீர் ஏற ஏறப் பந்து ஏறும். கம்பி திரும்பி ஓர் அடைப்பானைத் தள்ளும். குழாய் மூடிக்கொள்ளும். இந்த யோசனை மிகப் பழையது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் டெசிபியஸ் என்று ஒருவர் இருந்தார். முடிதிருத்துபவரின் மகன் என்பார்கள். அவர் செய்த தண்ணீர்க் கடிகாரத்தில் நீர் ஒரே சீராகச் சொட்டுவதற்கு இப்படி ஒரு மிதவை உதவியது என்கிறார்கள் வரலாற்று ஆய்வாளர்கள். 1893-இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் மேபாக் அதே மிதவையைக் காரின் கார்ப்ரேட்டருக்குள் வைத்தார். பழைய ஸ்கூட்டரின் அடியில் பெட்ரோல் ஒழுகினால் மெக்கானிக் “ஓவர்ஃப்ளோ ஆகுது” என்று சொல்லி, ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் கார்ப்ரேட்டரை இரண்டு தட்டு தட்டுவார். உள்ளே ஒட்டிக்கொண்ட மிதவையைத்தான் அப்படி எழுப்புகிறார்.

இவையெல்லாம் திரவம் வரும் வழியை மூடும் மிதவைகள். கார் டேங்கில் இருப்பது வேறு சாதி. அதைப் புரிந்துகொள்ளச் சமையலறைக்குப் போக வேண்டும்.

ஒரு கண்ணாடிப் பாட்டில், கழுத்து குறுகிய ஒரு புனல், ஒரு ஸ்ட்ரா, பிசைந்த சப்பாத்தி மாவு கொஞ்சம். மெல்லிய பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், அது உப்பி நம்மை ஏமாற்றும். பாட்டிலின் வாயில் புனலையும் ஸ்ட்ராவையும் சேர்த்துச் செருகுங்கள். ஸ்ட்ராவின் கீழ்முனை பாட்டிலுக்குள் கழுத்தை ஒட்டியே நிற்கட்டும், மேல்முனை வெளியே இருக்கட்டும். சுற்றிலும் இடைவெளி இல்லாமல் மாவை அப்பிவிடுங்கள். இப்போது புனலில் தண்ணீர் ஊற்றினால் விறுவிறுவென்று இறங்கும். ஸ்ட்ராவின் மேல்முனையில் கன்னத்தை வைத்துப் பாருங்கள். ஊதுவது போலக் காற்று வரும். பாட்டில் ‘காலி’யாக இருக்கவில்லை, காற்றால் நிறைந்திருந்தது. தண்ணீருக்கு இடம்விட்டு அந்தக் காற்று வெளியேறுகிறது.

அடுத்து, ஸ்ட்ராவின் வாயை விரலால் பொத்துங்கள். தண்ணீர் ஒரு கணம் இறங்கிவிட்டுப் புனலிலேயே நின்றுவிடும். யாரும் தண்ணீரைத் தடுக்கவில்லை, புனலின் கழுத்து திறந்துதான் கிடக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் காற்றுக்குப் போக வழியில்லை, அதனால் தண்ணீருக்கு வர இடமில்லை. விரலை எடுத்தால் மறுபடி ஓடும்.

உங்கள் விரல் செய்த அந்த வேலையைத்தான் கார் டேங்கின் மிதவை செய்கிறது.

டேங்கின் கூரையில், காற்று வெளியேற ஒரு துளை உண்டு. அதன் அடியில் சின்னக் கூண்டு. கூண்டுக்குள் ஏறி இறங்கும் ஒரு பிளாஸ்டிக் மிதவை, உங்கள் உள்ளங்கைக்குள் அடங்கும். பெட்ரோல் இறங்கும்போது டேங்கின் காற்றும் ஆவியும் இந்தத் துளை வழியாக வெளியேறும். பெட்ரோல் மட்டம் உயர்ந்து மிதவையைத் தொட்டதும் அது எழும்பித் துளையை அடைத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் காற்று உள்ளே சிறைப்பட்டுவிடும். பங்க்கிலோ இது எதுவும் தெரியாமல் பெட்ரோல் வந்துகொண்டே இருக்கிறது, ஏறக்குறைய விநாடிக்கு அரை லிட்டர் வேகத்தில். டேங்கில் இடமில்லை என்றதும் அது வந்த குழாயிலேயே மேலேறும். ஓரிரு விநாடியில் மேலே நிற்கும் பங்க் குழாயின், அதாவது நாசிலின், மூக்கைத் தொட்டுவிடும்.

அந்த மூக்கின் நுனியில் ஒரு துளை இருக்கிறது, பட்டாணியைவிடச் சின்னது. அடுத்த முறை பங்க்கில் தூர நின்றே பாருங்கள். அந்தத் துளையிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கைப்பிடி வரைக்கும் உள்ளேயே ஓடுகிறது. பெட்ரோல் குறுகலான இடத்தில் வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறையும். இத்தாலிக்காரர் வெஞ்சுரி 1797-இல் இதைப் பற்றி எழுதினார், இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறோம். அழுத்தம் குறைந்த அந்த இடம் சின்னத் துளை வழியாக விடாமல் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

உறிஞ்சுவது என்றால் என்ன ஆகும்? ஸ்ட்ராவை வாயில் வைத்து வெறும் காற்றை உறிஞ்சுங்கள். சுலபமாக வரும். ஸ்ட்ராவின் மறுமுனையை விரலால் மூடிக்கொண்டு உறிஞ்சுங்கள். உங்கள் இரண்டு கன்னமும் உள்ளே குழிந்துவிடும். நாசிலின் கைப்பிடிக்குள்ளும் ஒரு ‘கன்னம்’ இருக்கிறது, வளையக்கூடிய மெல்லிய சவ்வு. மூக்குத் துளை காற்றில் இருக்கும்வரை அது சும்மா இருக்கும். பெட்ரோல் வந்து துளையை மூடியதும் கன்னம் குழிகிறது. குழிந்த சவ்வு விசையின் பூட்டை விடுவிக்கிறது. ஸ்பிரிங் வால்வை அறைந்து சாத்துகிறது. ‘டக்’.

எனக்கு இதில் பிடித்ததே இதுதான். ஒரு மிதவை காருக்குள், ஒரு சவ்வு பங்க்கின் குழாய்க்குள். இரண்டையும் செய்தவர்கள் வேறு வேறு ஆட்கள். நடுவில் வயர் இல்லை, பேட்டரி இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. இது ‘போதும்’ என்று சொல்வதும் அது கேட்டுக்கொள்வதும் பெட்ரோல் ஏறி இறங்கும் மட்டத்தால் மட்டுமே.

“அப்போ டேங்க் முழுசா நிறையலையா? மேல காத்து இருக்குல்ல?” என்றாள். ஆமாம், வேண்டுமென்றேதான் இடம் விடுகிறார்கள். பெட்ரோல் சூடானால் விரியும். ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் தன் பருமனில் ஆயிரத்தில் ஏறக்குறைய ஒரு பங்கு கூடும். பங்க்கில் பெட்ரோலைத் தரைக்கு அடியில்தான் சேமிக்கிறார்கள், அங்கே குளுமையாக இருக்கும். 40 லிட்டர் போட்டுக்கொண்டு வெயிலில் நிறுத்தி, அது 20 டிகிரி சூடேறினால் முக்கால் லிட்டருக்கும் மேல் விரிந்துவிடும். கழுத்து வரைக்கும் நிரப்பியிருந்தால் அந்த முக்கால் லிட்டர் எங்கே போகும்?

கோடை வந்தாலே ‘ஃபுல் டேங்க் போடாதீர்கள், வெடித்துவிடும்’ என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றும். இந்தியன் ஆயில் நிறுவனம் அதை வதந்தி என்று வெளிப்படையாகவே மறுத்திருக்கிறது. ‘டக்’ என்று நின்ற இடத்தோடு நிறுத்திக்கொண்டால், விரிவதற்கான இடம் தானாகவே மிச்சமிருக்கும்.

ஆனால் நிறுத்துகிறோமா? நானும் அந்தப் பேச்சில் இருந்தபோதே ஊழியர் கேட்டார், “சார், ரவுண்டா ரெண்டாயிரத்துக்குப் போட்டுரவா?” டக், டக் என்று இன்னும் நாலு முறை. பெரிய துளை மூடியிருந்தாலும் டேங்கில் வேறொரு நுண்ணிய துளை உண்டு, வெயிலில் நிற்கும்போது ஆவி சேர்ந்து டேங்க் உப்பாமல் இருப்பதற்காக. அடம்பிடித்து ஊற்றினால் சிறைப்பட்ட காற்று அதன் வழியாக மெதுவாகக் கசியும், பெட்ரோல் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நாம் ரவுண்டாக்குவது ரூபாயை, தின்பது பெட்ரோல் விரிவதற்கு விட்ட இடத்தை.

அதோடு போவதில்லை. டேங்கிலிருந்து வெளியேறும் ஆவி நேரே ஆகாயத்துக்குப் போகக் கூடாது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் புகைமூட்டத்தில் கண்ணெரிந்து தவித்த காலத்தில், ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் 1950-களின் தொடக்கத்தில் அதன் காரணத்தைக் கண்டுபிடித்தார். வண்டிப் புகையோடு பெட்ரோல் ஆவியும் கலந்து வெயிலில் வினைபுரிவதால் வருவது அது. அதன் பிறகுதான் ஆவியைப் பிடித்துவைக்கும் ஏற்பாடுகள் கட்டாயமாயின. இப்போது காரில் ஒரு டப்பா நிறையக் கரி இருக்கிறது. நுண்துளைகள் நிறைந்த தனி வகைக் கரி. ஆவி அதில் ஒட்டிக்கொள்ளும். என்ஜின் ஓடும்போது கரி வழியாகக் காற்றை இழுத்து அந்த ஆவியையும் எரித்துவிடும். கரி ஆவியைத்தான் தாங்கும். பெட்ரோலே ஏறிவந்து அதை நனைத்துவிட்டால் டப்பா வீண்.

இங்கேதான் மிதவையின் அருமை தெரிகிறது. காற்று போகும் வழியை அடைக்க மிதவையே தேவையில்லை. ஒரு குழாயை டேங்கின் கூரையிலிருந்து கொஞ்சம் கீழே தொங்கவிட்டாலும் போதும், பெட்ரோல் ஏறி அதன் வாயை மூழ்கடித்தால் வழி அடைபட்டுவிடும். பைக் டேங்கின் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு கழுத்து இறங்கியிருக்கும். அதன் கீழ்விளிம்புக்கு மேல் நிரப்பாதீர்கள் என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். கழுத்தைச் சுற்றி மேலே உள்ள இடம் பெட்ரோல் விரிவதற்கு. ஆனால் காரில் வெறும் குழாயைத் தொங்கவிட்டால் பெட்ரோல் அதற்குள்ளேயே ஏறிக் கரி டப்பாவை எட்டிப் பார்க்கும். மிதவை வாயை இறுக்கி அடைத்துவிடுவதால் அந்தப் பயம் இல்லை.

வீடு வரும்வரை பேசாமல் வந்தவள் இறங்கும்போது கேட்டாள். “கார் தலைகீழாக் கவுந்துட்டா? மிதவை எந்தப் பக்கம் போகும்?”

நல்ல கேள்வி. கார் கவிழ்ந்தால் காற்றுத் துளை அடியில் வந்துவிடும். மேலே பெட்ரோல் நிற்கும். மிதவை பெட்ரோலில் மிதக்கும் பொருளாக இருந்தால் அது துளையை விட்டு விலகி மேலே போய்விடும். பெட்ரோல் கொட்டும். விபத்தில் அதைவிட ஆபத்து வேறில்லை.

அதனால் இதற்கான மிதவையை மிதக்காதபடி செய்கிறார்கள். தனியே பெட்ரோலில் போட்டால் மூழ்கிவிடும். அதன் அடியில் ஒரு சின்ன ஸ்பிரிங் வைத்து மேலே தள்ளச் சொல்கிறார்கள். எப்படி என்று அவள் கணக்கு நோட்டில் போட்டுக் காட்டினேன். மிதவையின் எடை 10 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங் 4 கிராம் பலத்தோடு துளையை நோக்கித் தள்ளுகிறது. பெட்ரோலில் மூழ்கினால் 8 கிராம் அளவுக்கு மிதப்பு விசை கிடைக்கிறது. தண்ணீரைவிடப் பெட்ரோல் லேசு, ஒரு லிட்டர் முக்கால் கிலோதான் இருக்கும், அதனால் அது தூக்கிவிடும் பலமும் குறைவு.

கார் நேராக நிற்கிறது, பெட்ரோல் இன்னும் எட்டவில்லை. கீழே இழுப்பது 10, மேலே தள்ளுவது 4. மிதவை கீழே கிடக்கும், துளை திறந்திருக்கும். பெட்ரோல் ஏறி மூடியது. மேலே தள்ளுவது 8-உம் 4-உம் சேர்ந்து 12, கீழே இழுப்பது 10. மிதவை எழும்பித் துளையை அடைக்கும். இப்போது காரைக் கவிழுங்கள். துளை அடியில். எடை 10 துளையை நோக்கி, ஸ்பிரிங் 4 அதே துளையை நோக்கி. பெட்ரோல் மட்டும் 8 கிராம் பலத்தோடு எதிர்ப்பக்கம் இழுக்கிறது. 14-க்கு 8. துளை மூடியே இருக்கும்.

கணக்கைப் பார்த்துவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு போனாள். ராத்திரி சாப்பிடும்போது அண்ணி, “சப்பாத்தி மாவுல பாதியைக் காணோமே” என்றார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் நோட்டை நீட்டினாள். நான் போட்ட 10-ஐ அடித்துவிட்டு 1 என்று எழுதியிருந்தாள், பக்கத்தில் ‘தெர்மாகோல்’ என்று. ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டிருந்தாள். “ஸ்பிரிங் இருந்தா எப்பவுமே மூடிக்குது சித்தப்பா, பெட்ரோலே போட முடியாது. எடுத்துட்டா, நேரா நிக்கும்போது சரியா வருது. கவுத்தா 1-க்கு 8. ஒழுகுது.”