கம்பு பிஸ்கட்டும் மின்சார ஓவனும்

திருப்பூர், பல்லடம், அவிநாசி, ஊத்துக்குளி, காங்கயம் வட்டாரங்களில் மானாவாரியாகக் கம்பும் சோளமும் பயிரிடும் பல குடும்பங்களில் ஒருவரோ இருவரோ பனியன் கம்பெனி வேலைக்கும் சென்று வருகின்றனர். அந்த வருமானத்தில் எழும்பும் புதிய வீடுகளில் மர அலமாரிகளுடன் சமையலறை அமைப்பதும், அலமாரிக்குள்ளேயே மின்சார ஓவன் ஒன்றைப் பதிப்பதும் இன்று வழக்கமாகி வருகிறது. ஆனால் பதித்த ஓவன் பல வீடுகளில் வாணலியும் தட்டும் அடுக்கி வைக்கும் பெட்டியாகவே இருந்துவிடுகிறது. ஒருமுறை பிஸ்கட் சுட்டுப் பார்த்து அடி கருகிவிட்டது என்றோ, ஸ்விட்சைப் போட்டதும் பியூஸ் போய்விட்டது என்றோ சொல்லி ஒதுக்கிவிடுகின்றனர். நிலத்தில் விளைந்த கம்பையும் வீட்டு வெண்ணெயையும் நல்ல தின்பண்டமாக மாற்றித் தரக்கூடிய கருவி இது. இதைப் பழுதின்றிப் பயன்படுத்த இரண்டு செய்திகளை மனத்தில் கொண்டால் போதும். காற்றுக்கு உள்ளேயும் வெளியேயும் வழி இருக்க வேண்டும். மின்சாரத்திற்கு முறையான ஒயரும் எர்த்தும் இருக்க வேண்டும்.

ஓவன் எவ்வாறு வேலை செய்கிறது?

ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றில், வெயில் குறைவாக இருந்தாலும் துணி விரைவில் காய்ந்துவிடுவதை நாம் அறிவோம். ஈரப்பொருளைச் சுற்றி நிற்கும் ஈரமான காற்றை வீசும் காற்று அகற்றிவிடுவதே அதற்குக் காரணம். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளிலும் பிராசசிங் மில்களிலும் பின்னல் துணியை உலர்த்தும் இயந்திரங்களில் விசிறிகள் சூடான காற்றைத் துணியின்மேல் செலுத்துகின்றன. ஈரக்காற்று வெளியேற்றப்படுகிறது. காற்றோட்ட ஓவனும் இதே முறையில் அமைந்ததுதான். பெட்டியின் பின்சுவரில் ஒரு விசிறி உள்ளது. பெரும்பாலான ஓவன்களில் அதைச் சுற்றி வட்டமான சூடேற்றும் கம்பி அமைந்திருக்கும். விசிறி சூட்டை எல்லா மூலைக்கும் கொண்டு செல்கிறது.

விசிறி இல்லாத ஓவனில் மேலும் கீழும் உள்ள கம்பிகள் மட்டுமே சூடு தருகின்றன. ஆகவே ஒரு நேரத்தில் ஒரு தட்டு வைப்பதே நல்லது. விசிறி உள்ளதில் இரண்டு தட்டுகள் வைக்கலாம். விசிறிக் காற்றில் பண்டம் விரைவில் வேகும் என்பதால், சமையல் குறிப்பில் சாதாரண ஓவனுக்கு 180 டிகிரி செல்சியஸ் என்று இருந்தால் விசிறி ஓவனில் 160 டிகிரி வைத்தால் போதும். பிஸ்கட் கருகிப் போவதற்கு இந்த 20 டிகிரியைக் குறைக்காமல் விடுவது ஒரு முக்கிய காரணமாகும்.

திருகுக் குமிழில் உள்ள படங்களையும் அறிந்து கொள்ள வேண்டும். மேலும் கீழும் இரண்டு கோடுகள் இருந்தால் விசிறி இல்லாத சூடு. வட்டத்திற்குள் விசிறிப் படம் இருந்தால் காற்றோட்டச் சூடு. மேலே நெளிகோடு மட்டும் இருந்தால் அது மேல்பக்கத்தை வாட்டுவதற்கான கிரில்; பிஸ்கட்டுக்கு ஆகாது. கம்பெனிக்குக் கம்பெனி சிறு மாற்றம் இருக்கும் என்பதால் கருவியுடன் வந்த கையேட்டைப் பத்திரப்படுத்தி வைக்கவும்.

மின் இணைப்பு

பதிக்கும் ஓவன்கள் பெரும்பாலும் 2000 வாட் முதல் 3500 வாட் வரை மின்சாரம் எடுப்பவை. 2400 வாட் ஓவன் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 10.5 ஆம்பியரும், 3500 வாட் ஓவன் 15 ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். விளக்கும் மின்விசிறியும் போடும் சாதாரண பிளக் இதைத் தாங்காது. ஒயர் சூடேறி, அதன் மேலுறை உருகித் தீப்பிடிக்கக்கூடும். ஆகவே கீழ்க்கண்டவற்றை உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு செய்து கொள்ளவும்.

1. மெயின் போர்டிலிருந்து ஓவனுக்கென்று தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இழுத்து, தனி எம்.சி.பி. பொருத்த வேண்டும்.

2. 16 ஆம்பியர் மூன்று ஓட்டை பவர் பிளக்கே வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியிலோ, மிக்சி, கிரைண்டர் மாட்டிய பிளக்கிலோ ஓவனை இணைக்கக் கூடாது. 15 ஆம்பியரைத் தொடும் பெரிய ஓவனாக இருந்தால் கையேட்டில் கூறியபடி நேரடி இணைப்புக் கொடுக்க வேண்டும்.

3. எர்த் கட்டாயம் வேண்டும். பிளக்கின் மேலே உள்ள பெரிய முனை எர்த்துக்கானது. ஓவனின் உடல் உலோகம். உள்ளே ஒரு ஒயர் விட்டுப்போய் உலோகத்தைத் தொட்டால், நல்ல எர்த் உள்ள வீட்டில் எம்.சி.பி. அல்லது ஆர்.சி.சி.பி. விழுந்து மின்சாரம் நின்றுவிடும். எர்த் இல்லாத வீட்டில் அந்த மின்சாரம் கதவின் பிடியைத் தொடுபவரின் உடல் வழியே செல்லும்.

4. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை மெயின் போர்டில் பொருத்துவது உயிர்க்காப்பாகும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்தி, அது விழுகிறதா எனப் பார்க்கவும்.

பம்புசெட்டுக்கான இலவச விவசாய மின் இணைப்பிலிருந்து ஓவனுக்கு ஒயர் இழுக்கக் கூடாது. அது விதிக்குப் புறம்பானது; ஆபத்தும்கூட.

தோட்டத்து வீடுகளில் மாலை நேரத்தில் வோல்டேஜ் குறைவது உண்டு. 230 வோல்ட் 180 ஆகக் குறைந்தால் சூடேற்றும் கம்பி தரும் வெப்பம் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்காகிவிடும். அப்போது குறித்த நிமிடத்தில் பண்டம் வேகவில்லை என்று வெப்பநிலையைக் கூட்டிவிட வேண்டாம். முன்சூட்டு நேரத்தை நீட்டுங்கள். அல்லது வோல்டேஜ் நன்றாக உள்ள நேரத்தில் சுடுங்கள்.

அலமாரியில் காற்று வழி

பதித்த ஓவனுக்குப் பின்னாலும் மேலும் கீழும் காற்றுப் போக இடைவெளி வேண்டும். எவ்வளவு என்பது கையேட்டில் படத்துடன் இருக்கும். தச்சர் அழகுக்காக அதைப் பலகை வைத்து அடைத்துவிடாமல் பார்த்துக் கொள்ளவும். கேஸ் சிலிண்டரை அதே அலமாரியில் வைக்கக் கூடாது.

நம் பகுதிக்கென்றே ஓர் எச்சரிக்கையும் உண்டு. வீட்டில் பிசிறு வெட்டுதல், செக்கிங் போன்ற பனியன் வேலைகள் நடந்தால், பறக்கும் பஞ்சுத்தூசி ஓவனின் காற்று வழிகளில் படிந்து அடைத்துக் கொள்ளும். சூட்டில் அது எளிதில் தீப்பற்றும். அந்த வேலையைச் சமையலறைக்கு வெளியே வைத்துக் கொள்ளவும். வாரம் ஒருமுறை ஓவனின் மின்சாரத்தை நிறுத்தி, காற்று வழிகளைத் தூரிகையால் துடைக்கவும். ஓவன் அருகில் பனியன் வேஸ்ட் மூட்டைகளை அடுக்க வேண்டாம்.

சூடான தட்டைப் பனியன் வேஸ்ட் துணியால் பிடிப்பதும் தவறு. பருத்தியுடன் பாலியெஸ்டரோ லைக்ராவோ கலந்த துணி சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். ஈரத்துணியாக இருந்தால் சூடு உடனே ஊடுருவி ஆவியால் கை வெந்துவிடும். தடித்த பருத்தியில் தைத்த, உலர்ந்த ஓவன் கையுறையே வேண்டும்.

கம்பு பிஸ்கட் செய்முறை

கம்பில் கொழுப்புச் சத்து அதிகம். ஆகவே அரைத்த மாவு சில நாட்களிலேயே கசந்துவிடும். இதைத் தடுக்க, சுத்தம் செய்த கம்பைக் கொதிநீரில் 30 விநாடி மட்டும் போட்டெடுத்து, நீரை வடித்து, நன்கு உலர்த்திய பிறகு அரைக்க வேண்டும். வெயில் இல்லாத நாளில், கம்பைத் தட்டில் மெல்லிய அடுக்காகப் பரப்பி ஓவனில் 60 டிகிரியில் உலர்த்தலாம். இடையிடையே கிளறி விடவும்.

தேவையான பொருள்கள்: கம்பு மாவு 100 கிராம், கோதுமை மாவு 100 கிராம், வெண்ணெய் 100 கிராம், பொடித்த நாட்டுச் சர்க்கரை 90 கிராம், பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, ஏலக்காய்ப் பொடி, உப்பு சிறிதளவு, பால் 2 அல்லது 3 மேசைக்கரண்டி.

ஊத்துக்குளி வெண்ணெய் போன்ற நல்ல வெண்ணெயாக இருந்தால் மணம் கூடும். வெண்ணெயில் மோர் நீர் நின்றால் பிழிந்து எடுத்துவிடவும். வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுக்கும் வரை குழைக்க வேண்டும். மாவுகளையும் பேக்கிங் பவுடரையும் சேர்த்து இருமுறை சலித்து அதில் கலந்து, ஏலக்காய்ப் பொடியும் உப்பும் சேர்த்து, பால் தெளித்துப் பிசையவும். சப்பாத்தி மாவுபோல் அழுத்திப் பிசைந்தால் பிஸ்கட் கடினமாகிவிடும். மாவு ஒன்று சேர்ந்தால் போதும். 5 முதல் 6 மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்து வெட்டிக் கொள்ளவும். கனம் ஒன்றாக இல்லாவிட்டால் மெல்லியது கருகும், தடித்தது வேகாது.

ஓவனை விசிறிக் குறியில் 160 டிகிரிக்கு வைத்து 10 முதல் 15 நிமிடம் வெறுமனே சூடேற்றவும். பெரும்பாலான ஓவன்களில் குறித்த சூடு வந்ததும் சிறு விளக்கு அணையும். பிஸ்கட்டுகளுக்கிடையே இரண்டு விரல் இடம் விட்டு அடுக்கித் தட்டை உள்ளே வைக்கவும். தட்டு பின்சுவரை முட்டினால் விசிறிக் காற்று தடைப்படும். 15 முதல் 18 நிமிடத்தில் வெந்துவிடும். கம்பு மாவு இயல்பிலேயே சாம்பல் நிறமுடையது. ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல் ஓரம் சற்றுச் சிவப்பதையும் மணத்தையும் கவனிக்கவும். இரண்டு தட்டு வைத்தால் 10ஆவது நிமிடத்தில் மேல் தட்டையும் கீழ்த் தட்டையும் மாற்றி வைக்கவும். அடிக்கடி கதவைத் திறந்தால் சூடு வெளியேறிவிடும். கண்ணாடி வழியே பார்த்தால் போதும்.

எடுத்தவுடன் பிஸ்கட் மெதுவாகவே இருக்கும். வேகவில்லை என்று மீண்டும் உள்ளே வைத்துவிட வேண்டாம். கம்பித் தட்டில் ஆறியபின் மொறுமொறுப்பாகும். முழுதும் ஆறிய பிறகே காற்றுப் புகாத டின்னில் அடைக்க வேண்டும்.

2400 வாட் ஓவனில் 12 நிமிட முன்சூட்டுக்கு மட்டும் ஏறக்குறைய அரை யூனிட் செலவாகும். ஆகவே ஒரு தட்டுக்காக ஓவனைச் சூடேற்றாமல், மாவை முழுதும் தயார் செய்து கொண்டு தட்டுகளைத் தொடர்ந்து வைத்தால் செலவு குறையும்.

செய்யக் கூடாதவை

ஓவனின் அடித்தளத்தில் அலுமினியத் தாள் விரிக்கக் கூடாது. சூடு தேங்கி எனாமல் பூச்சு கெடும். பிளாஸ்டிக், மெலமைன் பாத்திரங்கள் ஆகா. சூடான கண்ணாடிக் கதவின்மீது தண்ணீர் தெளித்தால் விரிசல் விழும். சுட்டு முடித்து அணைத்த பிறகும் உள்ளே குளிர்விக்கும் விசிறி சிறிது நேரம் ஓடும். அது தானாக நிற்கும் வரை மெயின் ஸ்விட்சை நிறுத்தக் கூடாது. கொப்பரை உலர்த்துவதற்கும் இந்த ஓவன் ஏற்றதன்று. அதற்கெனத் தனி உலர்த்திகள் உள்ளன.

உள்ளே பண்டம் தீப்பற்றினால் கதவைத் திறக்க வேண்டாம். புதுக்காற்று புகுந்தால் தீ வளரும். ஓவனை நிறுத்தி, எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு, மூடிய கதவுக்குள் தீ தானாக அணையும் வரை காத்திருக்கவும். தண்ணீர் ஊற்றக் கூடாது. புகையோ தீயோ அடங்காவிட்டால் வீட்டைவிட்டு வெளியேறி 101 எண்ணில் தீயணைப்புத் துறையை அழைக்கவும். கையில் சுட்டுவிட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டவும். பேனா மை, பற்பசை, மஞ்சள் எதையும் தடவாமல் மருத்துவரிடம் செல்லவும்.

விற்பனைக்குச் செய்வதானால்

ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதன் பின்னர் கம்பு, கேழ்வரகுத் தின்பண்டங்களை மக்கள் கேட்டு வாங்குகின்றனர். முதலில் வீட்டுத் தேவைக்குச் செய்து, ஒரே பக்குவம் தொடர்ந்து வந்த பிறகு விற்பனையில் இறங்கலாம். விற்பதற்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து கொள்ள வேண்டும். வீட்டு மின் இணைப்பையே தொழிலுக்குப் பயன்படுத்தலாமா என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டறியவும். சிறுதானிய உணவுத் தயாரிப்பில் முறையான பயிற்சி வேண்டுவோர் கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தை அணுகலாம்.

இந்த வாரமே வயர்மேனை வரவழைத்து, ஓவன் பிளக்கில் எர்த் சரியாக உள்ளதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். அது சரியாக இருந்தால் அடுத்த கம்பு அறுவடையில் ஒரு படியை ஒதுக்கி வைத்து, வீட்டுக் குழந்தைகளுக்கு முதல் தட்டுப் பிஸ்கட்டைச் சுட்டுக் கொடுங்கள்.