பால் வராத ‘பால் வால்வு’

‘பால் வால்வு’ என்றொரு சாமான் இருக்கிறது என்று சொன்னால், தோட்டத்துத் தாய்மார்கள் என்ன நினைப்பார்கள்? ரப்பர் பாலை மங்கில் பிடிப்பதற்குப் பதிலாகக் குழாயில் பிடிக்க ஏதோ புது வழி கண்டுபிடித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். அந்தப் பால் அல்ல இது. ஆங்கிலத்தில் பந்தைக் குறிக்கும் சொல்லே இங்கே ‘பால்’. குழாயின் வயிற்றுக்குள் ஓர் உலோகப் பந்து, பந்தின் நடுவே ஒரு துளை, வெளியே ஒரு கைப்பிடி. அவ்வளவுதான் அதன் உடம்பு. ஆனால் எரிவாயு ஓடுகிற இடங்களில், பொழுது நல்லபடியாகப் போவதும் போகாததும் பல சமயங்களில் அந்தப் பந்தின் கால் சுற்றில்தான் இருக்கிறது.

ஓர் எலுமிச்சம் பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை விரல் பருமனுக்கு ஒரு துளை போடுங்கள். துளையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தால் எதிர்ச் சுவர் தெரியும். பழத்தைக் கால் வட்டம் திருப்புங்கள். இப்போது தெரிவது வெறும் தோல்தான். பால் வால்வின் முழு இரகசியமும் இதுதான். துளை குழாயோடு ஒரே நேராக நின்றால் வாயு போகும். குறுக்கே திரும்பினால் பந்தின் முதுகு வழியை அடைத்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கு ஒருமுறை செய்து காட்டுங்கள், பள்ளிப் பாடத்தைவிட நன்றாக மனத்தில் நிற்கும்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. கைப்பிடியைப் பார்த்தாலே நிலைமை தெரிந்துவிடும். கைப்பிடி குழாயோடு ஒட்டி அதே போக்கில் படுத்திருந்தால் திறந்திருக்கிறது என்று பொருள். குழாய்க்குக் குறுக்கே நின்றால் அடைத்திருக்கிறது. லயத்துத் தண்ணீர்க் குழாயில் இருக்கிற பழைய சக்கர வால்வை நினைத்துப் பாருங்கள். பத்துச் சுற்றுச் சுற்ற வேண்டும். சுற்றி முடித்த பிறகும் முழுதாக அடைபட்டதா, துரு பிடித்து நடுவில் நிற்கிறதா என்று சொல்ல முடியாது. தண்ணீருக்கு அது போதும், சொட்டினால் வாளி வைக்கலாம். எரிவாயுவுக்கு வாளி வைக்க முடியுமா?

தோம்பு திறக்காத கதை

பந்தும் துளையும் பழைய யோசனைதான். ஆனால் உலோகப் பந்தை உலோகத்தின் மேல் உட்கார வைத்தால் இடுக்கில் வாயு கசியும். நடுவே மெத்தைபோல ஏதாவது வேண்டும். ரப்பர் வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம், தண்ணீருக்கு. நம் பாட்டன் பாட்டி காலம் தொட்டுச் சீவி வந்த இயற்கை ரப்பர், பெட்ரோல் இனத்தைச் சேர்ந்த வாயுக்களிடம் தோற்றுப் போகிறது. அவை பட்டால் ஊறி உப்பி வலுவிழக்கும். அதனால்தான் அடுப்பின் எரிவாயுக் குழாயைக்கூட ‘ரப்பர் குழாய்’ என்று நாம் சொன்னாலும், அதன் உள்பக்கம் பெரும்பாலும் ஆலையில் செய்த செயற்கை ரப்பராக இருக்கும். இந்த நாட்டையே தூக்கி நிறுத்திய மரத்திற்கு இப்படி ஒரு குறை இருப்பது கொஞ்சம் வருத்தம்தான்.

மெத்தை கிடைத்த கதை சுவையானது. அதுவும் ஒரு தோம்பில்தான் தொடங்கியது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ராய் பிளங்கெட் என்ற 27 வயது இரசாயன நிபுணர் குளிர்சாதனப் பெட்டிக்கான புதிய வாயு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். 1938 ஏப்ரல் 6ஆம் தேதி காலையில் வாயு நிறைத்து வைத்திருந்த சிறு தோம்பைத் திறந்தால் எதுவும் வரவில்லை. தீர்ந்துவிட்டதோ என்று நிறுத்துப் பார்த்தால் எடை குறையவே இல்லை. வால்வில் அடைப்பு இருக்குமோ என்று கம்பி விட்டுப் பார்த்தார்கள். வால்வு சுத்தமாக இருந்தது. கடைசியில் தோம்பையே அறுத்தார்கள். உள்ளே வழுவழுப்பான வெள்ளைத் தூள். வாயு தனக்குத்தானே கூடி இறுகிப் போயிருந்தது. எந்த அமிலமும் அதை அரிக்கவில்லை, எதுவும் அதில் ஒட்டவுமில்லை. அதுதான் டெஃப்லான். உங்கள் வீட்டுத் தோசைச் சட்டியில் கறுப்பாகப் பூசியிருப்பதும் அந்த இனம்தான்.

1954இல் ஜேம்ஸ்பரி என்ற நிறுவனத்தைத் தொடங்கிய ஹோவர்டு ஃபிரீமன் போன்றவர்கள், இந்த வழுக்கும் பொருளை வளையமாகச் செய்து பந்தின் இரு பக்கமும் வைத்தார்கள். பந்து வழுக்கிக்கொண்டு திரும்பியது, வாயுவும் கசியாமல் நின்றது. அதன் பிறகே பால் வால்வு உலகெங்கும் ஆலைகளுக்குள் நுழைந்தது. குளிர்நாடுகளில், கோப்பன்ஹேகன் போன்ற நகரங்களில், வீடுகளைச் சூடாக்கும் வெந்நீரையே தெருவுக்கு அடியில் குழாய் போட்டு அனுப்புகிறார்கள். அங்கேயும் வழியை அடைப்பது பெரும்பாலும் இந்தப் பந்துதான். நமக்கு வெயிலே போதும் என்பதால் அந்தக் கவலை இல்லை.

‘தீப்பிடித்தால் டெஃப்லான் உருகாதா?’ என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. உருகும், கருகும். அதனால் எரிவாயுவுக்கான நல்ல வால்வுகளில் மெத்தைக்குப் பின்னால் ஓர் உலோக விளிம்பையும் செய்து வைக்கிறார்கள். மெத்தை எரிந்து போனால், வாயுவின் அழுத்தமே பந்தைத் தள்ளி அந்த விளிம்பில் உட்கார வைக்கும். முழுதாக அடைபடாவிட்டாலும் பெரும் கசிவு நிற்கும். நெருப்பில் வைத்துச் சோதித்துத்தான் இதற்குச் சான்று தருகிறார்கள். மலிவான தண்ணீர் வால்வில் இந்த ஏற்பாடு கிடையாது. அதை வாங்கி எரிவாயுக் குழாயில் மாட்டுவது பெரும் பிழை.

செம்பனைக்கு அடியில் ஓடும் ஆறு

திரங்கானுவின் கெர்த்தேயில் கடலிலிருந்து வரும் எரிவாயுவைச் சுத்தம் செய்து, நிலத்தடிக் குழாய் வழியாகத் தீபகற்பமெங்கும் அனுப்புகிறது பெட்ரோனாஸ். 1984இல் அதன் முதல் பகுதி முடிந்தது. பிறகு குழாய் செகாமட்டுக்கு வந்து அங்கிருந்து மேற்குக் கரைக்கும் ஜொகூருக்கும் பிரிந்தது. 1992 முதல் கடல் தாண்டி சிங்கப்பூரின் செனோக்கோ மின்நிலையத்திற்கும் வாயு போயிற்று. இன்று முழு நீளம் 2,500 கிலோமீட்டருக்கும் மேல். செம்பனைத் தோட்டத்தின் நடுவே மரமே இல்லாமல் நேராக ஓடும் ஒரு நீளப் பட்டையையும், அங்கங்கே நிற்கும் மஞ்சள் எச்சரிக்கைக் கட்டைகளையும் நீங்கள் எங்காவது பார்த்திருக்கலாம். அடியில் ஓடுவது இந்த ஆறுதான்.

இந்தக் குழாயிலும் குறிப்பிட்ட தூரத்திற்கு ஒரு வால்வு நிலையம் உண்டு. ஒரு கணக்குப் போடுவோம். குழாயின் உள்வாய் 90 சென்டிமீட்டர் என்றும், வாயுவின் அழுத்தம் நாம் மூச்சுவிடும் காற்றைப்போல் 50 மடங்கு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அடைபட்டு நிற்கும் பந்தின் மேல் விழும் பாரம் 320 டன்னுக்குக் குறையாது. பத்து டன் குலை ஏற்றிய லோரிகள் 32 ஒன்றாகச் சேர்ந்து தள்ளுவதற்குச் சமம். அவ்வளவு பாரத்தில் பந்து மெத்தையை நசுக்கிவிடும் அல்லவா? ஆகவே பெரிய வால்வுகளில் பந்தை மேலும் கீழும் அச்சு வைத்துப் பிடித்து நிறுத்திவிடுகிறார்கள். மெத்தைதான் வில்சுருள் உதவியோடு பந்தை வந்து அணைக்கும். மின்சாரம் போனாலும் இயங்கும்படி, குழாயில் ஓடும் வாயுவின் அழுத்தத்தைக் கொண்டே திருப்பும் வகையும் உண்டு. அழுத்தம் திடீரென்று விழுந்தால், எங்கோ குழாய் உடைந்தது என்று கண்டு தானாக மூடிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு.

2025 ஏப்ரல் 1ஆம் தேதி, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலை, சிலாங்கூர் புத்ரா ஹைட்ஸில் இப்படிப்பட்ட குழாய் ஒன்று வெடித்தது. மணி எட்டைத் தாண்டிச் சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. பல மாடி உயரத்திற்குத் தீ எழுந்தது. வீடுகளும் வாகனங்களும் எரிந்தன, நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். வால்வுகளை அடைத்தார்கள். ஆனாலும் தீ முழுதாக அணைந்தபோது பிற்பகல் 3.45.

வால்வை அடைத்த பிறகும் ஏன் எரிந்தது என்று கேட்கத் தோன்றும். மேலே சொன்ன நம் குழாயையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வால்வுகளுக்கு நடுவே 20 கிலோமீட்டர் இருந்தால், இரு பக்கமும் அடைத்த பிறகும் உள்ளே தங்கியிருக்கும் வாயு, வீட்டில் வாங்கும் 14 கிலோ தோம்பு சுமார் 35,000க்குச் சமமான நெருப்பு. அது எரிந்து தீரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். வால்வு செய்தது என்னவென்றால், இன்னும் வந்து சேரவிருந்ததை நிறுத்தியது. அடைக்காமல் விட்டிருந்தால் தீக்கு முடிவே இருந்திருக்காது. எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு வால்வு, வீடுகள் நெருங்கிய இடத்தில் இன்னும் நெருக்கமாக வைக்க வேண்டாமா என்பவை வெறும் பொறியாளர் பேச்சு அல்ல. குழாய்க்கு அருகில் குடியிருப்பவர்கள் கேட்க உரிமையுள்ள கேள்விகள் என்றே நான் கருதுகிறேன்.

அந்த விபத்துக்கு அதிகாரிகள் கண்ட காரணம், குழாய்க்கு அடியில் இருந்த மண் தாங்கும் வலுவை இழந்ததும், அதனால் குழாய் அசைந்து அசைந்து பற்றவைத்த மூட்டு களைத்து முறிந்ததும்தான். ஆகவே தோட்டத்தில் அந்த மஞ்சள் கட்டைகளின் அருகே மண் சரிந்தாலோ, நீர் தேங்கிப் பள்ளம் விழுந்தாலோ, புல் காரணமின்றி வட்டமாகக் காய்ந்து கிடந்தாலோ, கட்டையில் எழுதியிருக்கும் எண்ணுக்குத் தகவல் சொல்லுங்கள். மண்தோண்டி இயந்திரம் ஓட்டும் தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை: கேட்காமல் அந்தப் பட்டையில் ஒரு வாளி மண்கூட அள்ளாதீர்கள்.

ஆலையில் ஒரு விதி, அடுப்படியில் ஒரு விதி

கால் சுற்றில் திறந்துவிடும் என்பது இதன் பெருமை என்றேன். செம்பனை ஆலையில் அதுவே தொல்லையாகவும் வரும். குலைகளை அவிக்கும் நீராவி சுமார் 140 பாகை வெப்பம். குளிர்ந்து கிடக்கும் குழாய்க்குள் அதைச் சட்டென்று திறந்துவிட்டால், அடியில் தேங்கிய நீரை நீராவி பீரங்கிக் குண்டுபோல் தூக்கி எறியும். குழாய் ‘டங் டங்’ என்று அதிர்வதைக் கொதிகலன்காரர்கள் கேட்டிருப்பார்கள். வளைவு பிளக்கும், மூட்டு தெறிக்கும். நீராவிக்கு மெதுவாகத் திறக்கும் சக்கர வால்வே நல்லது. பால் வால்வு இருக்கிற இடத்தில், முதலில் நீரை வடித்துவிட்டு, கைப்பிடியை நூல் நூலாக நகர்த்த வேண்டும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால் காது கொடுக்காதீர்கள்.

இனி அடுப்படிக்கு வருவோம். வீட்டுத் தோம்பின் தலையில் இருப்பது பால் வால்வு அல்ல. வில்சுருள் அழுத்தி மூடியிருக்கும் சிறிய அடைப்பான். ரெகுலேட்டரை மாட்டித் திருப்பினால்தான் அது வழி விடும். நகரத்து அடுக்குமாடியில் குழாய் வாயு வைத்திருப்பவர்கள், மீட்டர் அருகே பாருங்கள், அங்கே கால் சுற்றுக் கைப்பிடி இருக்கும். சாப்பாட்டுக் கடைகளிலும், பெரிய தோம்புகளை வரிசையாக நிறுத்தி அன்னதானம் சமைக்கும் கோயில் மடைப்பள்ளிகளிலும் இருக்கும். பெரும்பாலும் மஞ்சள் கைப்பிடி. ஆனால் நிறத்தை மட்டும் நம்பாமல், எரிவாயுவுக்கானது என்று வால்வின் உடம்பில் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த மடைப்பள்ளிகளில் அடிக்கடி காணும் சங்கதி ஒன்று. தீ அதிகமாக இருக்கிறதென்று பால் வால்வைப் பாதி திருப்பி வைப்பார்கள். கூடாது. பாதி திறந்த பந்தின் ஓரத்தில் வாயு சீறிப் பாய்ந்து மெத்தையைத் தின்றுவிடும். பிறகு முழுதாக அடைத்தாலும் கசியும். தீயைக் கூட்டவும் குறைக்கவும் அடுப்பின் திருகு இருக்கிறது. இந்த வால்வுக்கு இரண்டே நிலை: முழுதாகத் திற, அல்லது முழுதாக மூடு. இடைஞ்சலாக இருக்கிறதென்று கைப்பிடியைக் கழற்றி வைப்பதும், அதில் துணிக்கயிறு கட்டுவதும், முன்னால் அரிசி மூட்டையை அடுக்குவதும் அப்படித்தான். ஆண்டுக்கு ஒரு திருவிழாவுக்கு மட்டும் திறக்கும் வால்வு எண்ணெய்ப் பிசுக்கில் இறுகிவிடும். மாதம் ஒருமுறை அடுப்பை அணைத்துவிட்டு, திருப்பித் திறந்து பழக்குங்கள். இறுகியிருந்தால் சுத்தியலால் தட்டாமல் உரிமம் பெற்ற எரிவாயுக் குழாய்க்காரரைக் கூப்பிடுங்கள்.

வாடை வந்தால் என்ன செய்வது? தோம்பு வாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு படரும், கட்டிலுக்கு அடியிலும் சாக்கடை வாயிலும் தேங்கும். நின்றால் தெரியாத வாடை குனிந்தால் தெரியும். விளக்கையோ மின்விசிறியையோ போடவும் வேண்டாம், எரிவதை அணைக்கவும் வேண்டாம். சுவிட்சில் விழும் ஒரு பொறி போதும். வாயுவை மூடுங்கள், வாசலையும் சன்னலையும் விரியத் திறந்து வையுங்கள், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறுங்கள். தொலைபேசியை வெளியே போன பிறகு எடுங்கள். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் தீயணைப்புக்கு 995. கசிவு எங்கே என்று தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. சோப்பு நுரையைக் குழாய் மூட்டில் தடவுங்கள், கசியும் இடத்தில் குமிழி கிளம்பும்.