அக்கம்மா தேவி இன்று நிற்க முடியுமா?

தொகுதி மறுவரையறையைப் பற்றி வரும் வாசகர் கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: நீலகிரி எம்.பி. பதவிக்குப் படுகர்களோ தோடர்களோ ஏன் நிற்பதில்லை?

படுகர்கள் நின்றார்கள், வென்றார்கள். படுகப் பெண்களில் முதல் பட்டதாரியான அக்கம்மா தேவி 1962-ல் காங்கிரஸ் சார்பில் வென்று 1967 வரை மக்களவையில் இருந்தார். படுகரான மாஸ்டர் மாதன் 1998, 1999 இரண்டு தேர்தல்களிலும் பா.ஜ.க. சார்பில் வென்றார். இன்றைய நீலகிரியில் இவர்களின் வேட்புமனு செல்லாது.

எல்லைகளைச் சரிசெய்வதுதான் மறுவரையறை என்கிறது அரசுத் தரப்பு. 2008 மறுவரையறை ஆணை அதோடு நிற்கவில்லை; யார் நிற்கலாம் என்பதையே மாற்றியது. பட்டியல் சாதியினருக்குத் தமிழகத்தில் 39-ல் 7 தொகுதிகள். அவர்கள் அதிகம் வாழும் இடங்களாகவும், மாநிலம் முழுக்கப் பரவலாகவும் அவை இருக்க வேண்டும். பெரம்பலூர் பொதுத்தொகுதியானது, நீலகிரி பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதியானது; படுகர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. பெரம்பலூரில் மூன்று முறை வென்றிருந்த ஆ.ராசா 2009-ல் மலையேறி வந்தது இப்படித்தான்.

நீலகிரி மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் சுமார் 32 சதவீதம் (2011). சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்து லைன் வீடுகளில் வாழ்ந்த தேயிலைத் தொழிலாளர்கள் பலரும் இதில் அடக்கம். அவர்களுக்கு இந்த ஒதுக்கீடு நியாயமானது. என்னை உறுத்துவது வேறு. தமிழகத்தில் பழங்குடியினர் நூற்றுக்கு ஒருவர்தான். 39-ல் அது அரைத் தொகுதிகூட வராது. அதனால் அவர்களுக்குத் தனி மக்களவைத் தொகுதி கிடையாது. வேறு மாநிலப் பட்டியல் சாதியினர்கூட நீலகிரியில் நிற்கலாம்; இங்கேயே பிறந்த பழங்குடியினரான தோடரும் கோத்தரும் நிற்க முடியாது.

மற்ற கேள்விகள்:

சுழற்சி முறையில் மாறுமா? மாறாது, அடுத்த மறுவரையறை வரை இதேதான்.

படுகர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தால்? அப்போதும் இங்கே நிற்க முடியாது; இது பட்டியல் சாதியினருக்கான தொகுதி.

அவிநாசி, பவானிசாகர், மேட்டுப்பாளையம் ஏன் நம்மோடு? மலையில் மூன்று சட்டமன்றத் தொகுதிகள்தான், எம்.பி. தொகுதிக்கு ஆறு வேண்டும்.

பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு? 2023-ல் நிறைவேறிய சட்டம் அதையும் மறுவரையறையோடுதான் கட்டியது.

அடுத்த கணக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்துதான் தொடங்கும். லைன் வீட்டிலோ, படுகர் ஹட்டியிலோ, தோடர் மந்திலோ கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டும்போது உங்கள் வீட்டில் ஒருவர் பெயரும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.